அடிப்பவன் பின்னால் யார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

மாணவர் உலகில் எந்தக் குழுவை எடுத்துக்கொண்டாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். கபடி என்றால், "பாடிப் போவது யார்?" கிரிக்கெட் என்றால், "கடைசி ஓவரில் நின்று அடிப்பது யார்?" பட்டிமன்றம் என்றால், "அணித் தலைவர் யார்?" அந்த ஒருவரை முடிவு செய்தவுடன் நமக்கு நிம்மதி பிறந்துவிடுகிறது. மீதி இடங்களைக் கையில் கிடைத்தவர்களைக் கொண்டு நிரப்பிவிடுகிறோம்.

இந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. அடிப்பவன் யார் என்று கேட்கும்போதே, அவனுக்கு வழி திறப்பவர் யார், அவன் விழும் இடத்தில் தாங்குபவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் சான்று நண்பர்களுக்கு வியப்பையும், பேராசிரியர் சிலருக்குச் சிறிது சினத்தையும் தரக்கூடும். விடுதி அறைகளிலும், சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்திலும் நம்மில் சிலர் கைப்பேசியில் ஆடும் போக்கிமான் சண்டைதான் அந்தச் சான்று. சினம் கொள்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சினம் கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

ஆட்டம் எப்படிப்பட்டது?

போக்கிமான் என்பது "பாக்கெட் மான்ஸ்டர்" என்பதன் சுருக்கம். சட்டைப்பைப் பூதம் என்று நாம் தமிழாக்கிக்கொள்ளலாம். சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் ஆர்வம் கொண்டிருந்த சடோஷி தஜிரி என்ற ஜப்பானியர் உருவாக்கிய இந்த ஆட்டம், 1996 பிப்ரவரியில் 'சிவப்பு', 'பச்சை' என்னும் இரு பதிப்புகளாக ஜப்பானில் வெளிவந்தது. அன்று அதில் இருந்த பூதங்கள் 151. இன்று ஆயிரத்தையும் தாண்டிவிட்டன.

தொலைக்காட்சியில் பிக்காச்சுவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது குழந்தை விளையாட்டாகத் தோன்றலாம். போட்டியாக ஆடும்போது கதையே வேறு. ஒவ்வொருவரும் ஆறு பூதங்களைக் கொண்ட அணியை அமைக்க வேண்டும். ஒவ்வொரு பூதத்துக்கும் நான்கு வித்தைகள் மட்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே நேரத்தில், மற்றவர் அறியாமல், தம் முடிவை எடுக்கின்றனர். அடிக்கலாம்; அல்லது களத்தில் இருப்பதை உள்ளே அழைத்து வேறொன்றை அனுப்பலாம். மாற்றினால் அந்தச் சுற்று போய்விடும். புதிதாக வருவது எதிரியின் அடியை வாங்கிக்கொண்டுதான் நிற்கும்.

இதற்கு மேல் 'வகை' என்ற ஒன்று உண்டு. நீர், நெருப்பு, மின்சாரம், நிலம், எஃகு, பனி என்று மொத்தம் 18 வகைகள். நீர் நெருப்பை இரண்டு மடங்கு தாக்கும். நெருப்பு நீரைப் பாதிதான் தாக்கும். நிலத்தின் அடி பறப்பனவற்றைத் தொடவே தொடாது. ஒரு பூதத்துக்கு இரண்டு வகைகள் இருக்கலாம். அப்போது எண்களைப் பெருக்க வேண்டும். இரண்டும் இரண்டும் பெருக்கி நான்கு மடங்காகவும் ஆகலாம்; இரண்டும் அரையும் பெருக்கி ஒன்றாகவும் ஆகலாம். கணக்கு மாணவனுக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

அடிப்பவனுக்கு ஒரே வேலை

அடிப்பவனைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கார்சோம்ப் என்ற பூதத்தை எடுத்துக்கொள்வோம். நிலமும் டிராகனும் கலந்த இரட்டை வகை. 2006இல் வெளிவந்த பதிப்பிலிருந்து இன்றுவரை புகழ் குன்றாத தாக்குதல்காரன்.

2022இல் வெளிவந்த ஸ்கார்லெட், வயலெட் பதிப்புகளின் விதிப்படி, ஒரு பூதத்தின் ஆறு திறன்களுக்கு நாம் பங்கிடக்கூடிய பயிற்சிப் புள்ளிகள் 510. ஒரே திறனுக்கு 252க்கு மேல் தர இயலாது. எல்லாத் திறனுக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 85 வரும். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அப்படிப் பங்கிட்ட பூதம் எந்த வேலைக்கும் முழுமையாக உதவாது. அடிப்பவனாக்க வேண்டுமானால் தாக்கும் திறனுக்கு 252, வேகத்துக்கு 252 என்று கொடுத்துவிட வேண்டும். மீதி 6. அதில் 4 புள்ளிக்கு நூறாம் நிலையில் ஒரே ஓர் எண் கூடும். அவ்வளவுதான். அடிப்பவன் தற்காப்பை விட்டுக்கொடுத்துத்தான் அடிப்பவன் ஆகிறான். தன்னைக் காக்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டான் என்பதே இதன் பொருள்.

அடுத்த முடிவு இன்னும் நுட்பமானது. பூதத்தின் இயல்பை நாம் தேர்ந்தெடுக்கலாம். ஓர் இயல்பைத் தேர்ந்தால் நூறாம் நிலையில் கார்சோம்பின் தாக்கும் திறன் 394, வேகம் 303. இன்னோர் இயல்பில் தாக்கும் திறன் 359, வேகம் 333. புதிதாக ஆடுபவர் 394ஐத்தான் எடுப்பார். கூடுதல் வலிமை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் களத்தில் அடிப்படை வேகம் 100 கொண்ட பூதங்கள் பல உண்டு. அவற்றின் உச்ச வேகம் 328. கார்சோம்பின் அடிப்படை வேகம் 102, உச்சம் 333. இந்த ஐந்து எண் வேறுபாட்டில் முதலில் அடிப்பவன் யார் என்பது முடிவாகிவிடுகிறது. ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு வலிமையை விட்டால் முந்திக்கொள்ளும் உரிமை கிடைக்கிறது. பின்னால் அடிக்கும் 394, அடிப்பதற்கு முன்பே விழுந்துவிட்டால் அதன் மதிப்பு சுழியம்.

வித்தைகளைத் தேர்வதிலும் இதே நிதானம் வேண்டும். நீர் வகையில் 'ஹைட்ரோ பம்ப்' என்ற வித்தையின் வலிமை 110. ஆனால் நூற்றுக்கு 80 முறைதான் குறி தப்பாது. 'சர்ஃப்' என்பதன் வலிமை 90, குறி தப்பாது. பெருக்கிப் பார்த்தால் முன்னது 88, பின்னது 90. வகுப்பில் நிகழ்தகவுப் பாடத்தில் எதிர்பார்ப்பு மதிப்பு என்று படிப்பது இதைத்தான். கண்ணைப் பறிக்கும் அடியைவிட நம்பத்தக்க அடி சராசரியில் மேலானது.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. செயலின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை ஆகிய மூன்றோடு நில்லாமல், துணையின் வலிமையையும் எடைபோட்ட பின்பே செயலில் இறங்கச் சொல்கிறார் வள்ளுவர். முதல் மூன்றைக் கணக்கிடுவதில் நாம் யாரும் குறைந்தவர்கள் அல்லர். நான்காவதில்தான் தடுமாறுகிறோம்.

துணை என்பது என்ன?

கார்சோம்புக்கு மூன்று பகை. பனி நான்கு மடங்கு தாக்கும். டிராகனும் தேவதையும் இரண்டு மடங்கு தாக்கும். இதனருகே மேக்னசோன் என்ற மின்சார எஃகுப் பூதத்தை நிறுத்துவோம். எஃகு இந்த மூன்று வகை அடிகளையும் பாதியாகக் குறைத்துவிடும். கார்சோம்பை நோக்கி வரும் பனியடியின் குறுக்கே மேக்னசோனை அனுப்பலாம்.

மேக்னசோனுக்கும் பகை உண்டு. நிலம் நான்கு மடங்கு. நெருப்பும் குத்துச்சண்டையும் இரண்டு மடங்கு. நெருப்பை மட்டும் கார்சோம்ப் பாதியாக்கும். மற்ற இரண்டுக்கும் மூன்றாவது துணை வேண்டும். நீரும் பறத்தலும் கலந்த கியாரடோஸ் என்ற பூதத்தை அழைப்போம். பறப்பதால் நிலத்தின் அடி அதைத் தொடாது. நெருப்பும் குத்தும் பாதியாகிவிடும். கியாரடோஸின் பகை எவை? மின்சாரம் நான்கு மடங்கு. பாறை இரண்டு மடங்கு. அந்த மின்சாரம் நில வகையான கார்சோம்பைத் தொடாது, பாறையும் பாதிதான். இப்படி ஒன்றின் குறை மற்றொன்றால் மூடப்பட்டு, வட்டம் முழுமை அடைகிறது. மூன்றில் எதுவும் குறையற்றது அன்று. மூன்றும் சேர்ந்தால், குறை தெரிந்து அடிக்க வருபவன் ஒவ்வொரு முறையும் வேறொருவனை அடிக்க நேரிடும்.

தாங்குவது ஒரு வகைத் துணை. வழி திறப்பது இன்னொரு வகை. கார்சோம்ப் எவ்வளவுதான் வலியதானாலும் ஸ்கார்மரி என்ற எஃகுப் பறவையின் முன் நின்றுவிடும். நிலத்தின் அடி பறவையைத் தொடாது; டிராகன் அடி எஃகின்மேல் பாதிதான். கார்சோம்ப் ஒரு சுற்றைச் செலவிட்டு 'வாள் நடனம்' ஆடித் தாக்கும் திறனை இரு மடங்காக்கிக்கொண்டாலும், ஸ்கார்மரி ஒரு சூறைக்காற்றை வீசி அதை உள்ளே துரத்திவிடும். ஏறிய வலிமை அத்தோடு போயிற்று. இங்கே அடிப்பவனை மாற்றுவதாலோ அவனுக்கு இன்னும் வலிமை ஏற்றுவதாலோ பெரிய பயன் இல்லை. மேக்னசோனிடம் காந்த ஈர்ப்பு என்ற இயல்பு உண்டு. அது களத்தில் நிற்கும்வரை எதிரே இருக்கும் எஃகுப் பூதம் பின்வாங்கி உள்ளே போக முடியாது. ஸ்கார்மரி வந்தவுடன் கார்சோம்பை உள்ளே அழைத்து மேக்னசோனை அனுப்பினால், பறவை அகப்பட்டுக்கொள்கிறது. மின்சார அடி அதற்கு இரண்டு மடங்கு. அதன்பின் கார்சோம்ப் களத்தில் இறங்கிப் பெருவெற்றி பெறுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு வென்றது கார்சோம்ப். ஆடியவனுக்குத் தெரியும், வென்றது எந்தச் சுற்றில் என்று.

இதற்கு உலகறிந்த ஒரு சான்றும் உண்டு. 2014இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நடந்த போக்கிமான் உலகப் போட்டியில் வெற்றி பெற்றவர் தென்கொரியாவைச் சேர்ந்த சே ஜுன் பார்க். அங்கே ஆடுவது இரட்டையர் ஆட்டம். ஒரே நேரத்தில் இரு பக்கமும் இரண்டிரண்டு பூதங்கள் நிற்கும். அவருடைய அணியில் கார்சோம்ப் இருந்தது. உருப்பெருகும் கியாரடோஸும் இருந்தது. ஆனால் இன்றுவரை பேசப்படுவது அவை அல்ல. பச்சிரிசு என்ற மின்சார அணில்! அதன் ஆறு அடிப்படைத் திறன்களையும் கூட்டினால் 405, கார்சோம்புக்கு 600. போட்டியில் யாரும் சீண்டாத அணில் அது. அதற்கு ஒரு வித்தை உண்டு. எதிரிகளின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. மின்சார அடி பட்டால் அதற்குக் காயம் ஆவதற்குப் பதிலாக உடல்நலம் கூடும். கியாரடோஸின் பெரும்பகை எது? மின்சாரம். அணில் குறுக்கே நின்று அடிகளை வாங்கிக்கொண்டது. கியாரடோஸ் வலிமை ஏற்றிக்கொண்டு எதிரணியை வீழ்த்தியது. இராமருக்கு அணில் உதவிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய பாடம் அன்று. ஆனால் ஒரு வேறுபாடு. சே ஜுன் பார்க் அந்த அணிலை அன்பினால் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை என்று கணக்கிட்டுச் சேர்த்தார். துணைக்கு நாம் தரவேண்டிய மரியாதை இந்த இரண்டாவது வகை.

நம் மண்ணில் இல்லாததா?

இந்தப் பாடத்தைக் கற்க ஜப்பானுக்குத்தான் போகவேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. நம் ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. வெட்டும் உரிமை புலிக்கு மட்டுமே உண்டு. ஆனாலும் ஆடுகள் வெல்வதுண்டு. எப்படி? ஓர் ஆட்டின் பின்னால் இன்னோர் ஆடு நின்றால் புலி தாண்டிக் குதிக்க இடமில்லை. பின்னால் ஆள் உள்ள ஆட்டைப் புலியால் வெட்ட முடியாது. நம் பாட்டன்மார் கோடு கிழித்து, புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வைத்துக் கற்றுக்கொண்ட உண்மை இது.

வரலாற்றிலும் நம் ஊரே சான்று. 1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தனர். உள்ளே முகமது அலி. அப்போது இளைஞனாக இருந்த இராபர்ட் கிளைவ் திருச்சிக்கு வந்து மோதாமல் ஆற்காட்டைப் பிடித்தான். சந்தா சாகிப் திருச்சியிலிருந்து தன் படையில் ஒரு பகுதியைப் பிரித்து ஆற்காட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. ஐம்பது நாள் முற்றுகை அங்கே நடந்தது. மறு ஆண்டு பிரெஞ்சுத் தளபதி லா திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கினார். தெற்கே லாரன்சின் படை; கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் கிளைவ்; சுற்றிலும் தஞ்சை, மைசூர்ப் படைகளும் முராரி ராவின் மராத்தியரும். புதுச்சேரியிலிருந்து வந்த உதவிப்படை வழியிலேயே மடக்கப்பட்டது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அகப்பட்ட லா, 1752 ஜூனில் சரணடைந்தார். மேக்னசோனிடம் சிக்கிய ஸ்கார்மரியின் நிலைதான் அது.

இவர்கள் நம் நாட்டைப் பிடித்த அந்நியர்கள். அவர்கள் வெற்றியைப் போற்றுவது என் நோக்கம் அன்று. நான் சுட்ட விரும்புவது வேறு. பள்ளிப் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்தது "ஆற்காட்டு வீரர் கிளைவ்" என்ற ஒரே பெயரை. மாதக்கணக்கில் திருச்சிக் கோட்டையைக் காத்து நின்றவர்கள் யார்? ஆற்காட்டில் உடன் நின்ற நம் நாட்டுச் சிப்பாய்கள் யார்? ஒரு பெயராவது நம் நினைவில் உண்டா? அடித்தவன் பெயரை எழுதுவதும், தாங்கியவர் பெயரை விடுவதும் வரலாற்றின் பழைய வழக்கம்.

பெரியவர்களின் மறுப்பு

"இதெல்லாம் சரி தம்பி, ஆனால் கைப்பேசியில் நேரம் வீணாகிறதே!" என்று பேராசிரியப் பெருமக்கள் சொல்வது காதில் விழுகிறது. அதில் உண்மை இருக்கிறது. இரவு இரண்டு மணிவரை ஆடிவிட்டுக் காலை முதல் வகுப்பில் தூங்குபவனுக்கு ஆட்டம் எதையும் கற்றுத் தரவில்லை, தூக்கத்தைத்தான் பறித்தது. அளவு தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் பணம் வைத்து ஆடும் சூதோடு இதைச் சேர்த்துப் பேசுவது முறையன்று. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க நம் மாநில அரசு 2022இல் சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025இல் மத்திய அரசும் சட்டம் கொண்டுவந்தது. அதே சட்டம் போட்டி வகை மின்விளையாட்டுகளைத் தனியே பிரித்து ஊக்குவிக்கிறது. நான் சொல்லும் ஆட்டத்தில் ஒரு காசு வைக்க வேண்டியதில்லை. ஷோடவுன் என்ற இலவசக் களத்தில், பழைய கைப்பேசி ஒன்று இருந்தாலும் ஆடலாம். எந்தப் பூதமும் எவருக்கும் விலையின்றிக் கிடைக்கும். வசதியுள்ளவன், இல்லாதவன் என்ற வேறுபாடு இன்றி இருவரும் ஒரே 510 புள்ளியோடு தொடங்கும் இடங்கள் உலகில் மிகுதியாக இல்லை. அதுவே எனக்கு அதன்மேல் பற்று உண்டாகக் காரணம் என்று சொன்னாலும் தவறில்லை.

ஒப்புமை நிற்கும் இடம்

இனி, இந்த ஆட்டத்தின்மேல் எனக்குள்ள குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆட்டத்தில் 'பலி' என்ற உத்தி உண்டு. அடிப்பவன் காயமின்றிக் களம் இறங்க வேண்டுமானால், களைத்துப்போன வேறொரு பூதத்தை எதிரியின் அடிக்குக் கொடுத்துவிடுவார்கள். அது விழுந்தவுடன் அடிப்பவன் அடி வாங்காமல் உள்ளே வரலாம். நல்ல உத்திதான். விழுந்த பூதம் அடுத்த ஆட்டத்தில் முழு நலத்தோடு எழுந்து நிற்கும், யாருக்கும் நட்டமில்லை.

நம் வீடுகளில் நடப்பதும் ஏறத்தாழ இதே உத்திதான். நம் கல்லூரியில் என்னைப் போல் வீட்டின் முதல் பட்டதாரியாக வரவிருப்பவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்து பெஞ்சைக் கேட்டால் தெரியும். ஒரு குடும்பம் தன் 510 புள்ளியையும் ஒரே பிள்ளைமேல் போடுகிறது. என் வீட்டில் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். என்னைவிட நன்றாகப் படித்த அக்கா பிளஸ் டூ முடித்தவுடன் ஜவுளிக்கடை வேலைக்குப் போனார். அவர் சம்பளத்தில்தான் என் பஸ் கட்டணமும், செய்முறைப் பயிற்சி நோட்டும், இந்தக் கைப்பேசியும் வந்தன. வருவாய்த் துறை தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழில் ஒரு பெயர்தான் எழுதப்படும். அது என் பெயராக இருக்கிறது. வழி திறந்தவர் பெயரை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

இங்கேதான் ஒப்புமை நின்றுவிடுகிறது. ஆட்டத்தில் விழுந்தது அடுத்த ஆட்டத்தில் எழும். கடையில் காலை முதல் இரவு வரை நின்றே கழித்த அக்காவின் நான்கு ஆண்டுகள் எழுந்து வரா. ஆகவே, "துணை இருந்தால் அடிப்பவன் வெல்வான்" என்பதோடு கட்டுரையை முடித்துவிட்டால் அது பாதி உண்மையாகிவிடும். வென்றவன் துணைக்கு என்ன செய்தான் என்ற கேள்வி மீதமிருக்கிறது. போக்கிமானில் அதற்கு விடை இல்லை.

கபடியில் இருக்கிறது. களத்தில் ஏழு பேர். பாடிப் போகிறவன் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். அவன் திரும்ப உள்ளே வர வேண்டுமானால் மற்றவர்கள் எதிரணி ஆளை வீழ்த்த வேண்டும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் கார்னரில் நிற்பவர் ஓர் ஆளைப் பிடித்துத் தரும்வரை அவன் வெறும் பார்வையாளனே. அதுபோலவே, பாடிப் போனவன் தொட்டுவிட்டு வரும் ஒவ்வோர் ஆளுக்கும், தன் அணியில் வெளியே உட்கார்ந்திருப்பவரில் ஒருவர் எழுந்து உள்ளே வருவார்; முதலில் வெளியேறியவர் முதலில் வருவார். இந்த விதியை இயற்றியவர் யாராயினும் அவருக்கு நான் தலைவணங்குகிறேன்.

அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் இருக்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துத் திரும்பினால் ஒரு புள்ளி கிடைக்கும். பலகையில் எண் ஏறும், கைதட்டல் கிடைக்கும். ஆனால் போனஸ் புள்ளி யாரையும் எழுப்பாது. வெளியே உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருப்பார்.

நண்பர்களே, நம் பட்டம் எந்த வகைப் புள்ளி? வேலை கிடைத்ததும் வேறு ஊர், வேறு வீடு, வேறு வாழ்க்கை என்று போய்விட்டால் அது போனஸ் புள்ளி. பலகையில் நம் பெயருக்கு நேரே ஓர் எண் கூடும், அவ்வளவே. நமக்காக வெளியே உட்கார்ந்த ஒருவரையாவது உள்ளே அழைத்து வந்தால்தான் அது தொட்டுவந்த புள்ளி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கப்பட்டது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்க வழி இருக்கிறது. முதல் சம்பளத்தில் அக்காவுக்குப் புடவை எடுத்துத் தருவது நம் வழக்கம். புடவையோடு ஒரு விண்ணப்பப் படிவத்தையும் வாங்கித் தருவோம். வேண்டுமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். முடிவு செய்யும் முறை இம்முறை அவருடையது.

கல்லூரிக்குள்ளும் செய்யவேண்டியது உண்டு. செய்முறைத் தேர்வுக்கான குழுவானாலும், கல்லூரிகளுக்கு இடையிலான வினாடி வினாவானாலும், முதலில் நட்சத்திரத்தைத் தேடாமல், இந்த வேலைக்கு எத்தனை வகைப் பொறுப்புகள் உண்டு என்று தாளில் எழுதுவோம். குறிப்பு எடுப்பவர், சரிபார்ப்பவர், நேரம் பார்ப்பவர் என்று ஒவ்வொன்றுக்கும் பொருத்தமானவரைத் தேடுவோம். பேசாத மாணவன் ஒருவன் அந்தப் பட்டியலில் ஓர் இடத்துக்கு நம் எல்லோரையும்விடப் பொருத்தமானவனாக இருப்பான். வெற்றி பெற்றால் அடுத்த ஆண்டு மலரில் கோப்பையை வாங்கியவர் பெயரோடு மற்றவர் பெயர்களையும் அச்சிடுமாறு ஆசிரியர் குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். சில வரிகள் கூடும். அதனால் மலர் ஒன்றும் கனத்துவிடாது.